தங்கச்சியின் பங்கு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சீனியில்தான் வந்து நிற்கிறது. காலையில் எவ்வளவு இருந்தது, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, எந்தக் குளிசையை விழுங்குவது, பாகற்காய்ச் சாறு கேட்குமா. என் முறை வரும்போது எனக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு நோய், இல்லை என்பேன். "நீ குடுத்து வச்சவ" என்பீர்கள். அப்போது உங்கள் கண்ணில் சின்னதாக ஒன்று வந்துபோகும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது என்னவென்று எனக்குத் தெரியும். பதினொரு வயதில் ஒரு வருஷம் முழுக்க நான் அதோடுதான் எழுந்தேன், அதோடுதான் படுத்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கண்டிப் பக்கம் தெல்தோட்டைக்கு மேலே இருந்தது. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்தைக் காயவைக்கும் சூட்டுக்குப் பெரிய அடுப்பு ஒன்று உண்டு. அதற்கு விறகு போடுகிறவர் அப்பா. அவர் சட்டையைத் துவைத்தாலும் புகை வாசம் போகாது. வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். எனக்குப் பதினொன்று, தங்கச்சிக்கு ஒன்பது.

அந்த வருஷம் வரைக்கும் பங்கு சமமாகத்தான் இருந்தது. அம்மா பொழுது விடியுமுன் கோதுமை மாவைப் பிசைந்து ஆறு ரொட்டி சுடுவாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இரண்டிரண்டு, எங்களுக்கு ஆளுக்கு ஒன்று. நான் என்னுடையதைச் தேங்காய்ச் சம்பலில் தோய்த்து விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றித் தின்று, நடுவில் இருக்கும் மெத்தென்ற துண்டைக் கடைசிக்கு வைப்பேன். தங்கச்சி பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் பக்கம் தள்ளுவாள். ஆக, கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் லாபம். அவள் மேல் எனக்கு அப்போது பிரியம் இருந்தது. அதில் அந்தப் பாதி ரொட்டிக்கு எவ்வளவு பங்கு என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்த கையோடு அவள் தள்ளுவதை நிறுத்தினாள். முழு ரொட்டியையும் தின்றாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அம்மா தன் பங்கிலிருந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

"இப்பதான் புள்ளைக்கு வாய் தெறந்திருக்கு. இனி பாரேன், எப்படி உருண்டு தெரண்டு வரப்போறான்னு."

அவள் உருளவுமில்லை, திரளவுமில்லை. தின்னத் தின்ன இளைத்தாள். பாவாடை நாடாவை அம்மா வாரத்துக்கு ஒரு தடவை இறுக்கிக் கட்டினாள். பள்ளிக்கூடச் சட்டையின் கழுத்துக்குள் இரண்டு எலும்புகள் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. கூடவே தாகம். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக் கோடியில், பீலிக் குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீரை நான் குடத்தில் பிடித்துவந்து வைத்தால், பொழுது சாயுமுன் குடம் காலி. மறுபடியும் போய்த் தூக்கிவர வேண்டியது நான். குடித்ததெல்லாம் வெளியே போய்க்கொண்டும் இருந்தது. லயத்துக்குப் பின்னால், அவள் போய் உட்காரும் சாக்கடைக் கானோரத்தில், எறும்புகள் கறுப்பாக மொய்த்துக் கிடந்தன. அம்மா ஒருநாள் அதைப் பார்த்து, "இங்க யாரு சீனியக் கொட்டினது?" என்று என்னைத்தான் கேட்டாள். தெரிந்தவர் யாராவது அந்த எறும்பைப் பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

தோட்டத்து மருந்தையா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "வயித்துல பூச்சி. இவ தின்றத அதுதான் திங்கிது" என்று சொல்லி மருந்து கொடுத்தார். மருந்து கொடுத்தும் பூச்சி எதுவும் விழவில்லை. அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. சம்பளத்தன்று டவுனுக்கு இறங்கிப்போய், உடம்புக்குத் தெம்பு கொடுக்கும் என்று யாரோ சொன்ன குளுக்கோஸ் மா ஒரு டின் வாங்கிவந்தார். பச்சை மூடி போட்ட டின். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது மாவு மாதிரி வெள்ளையாக இருக்கும். நாக்கில் வைத்ததும் குளிர்ந்து கரையும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு கரண்டி. தங்கச்சிக்கு மட்டும்.

நான் கேட்டேன். கேட்காமல் இருந்தேன் என்று சொல்லமாட்டேன்.

"அவ எலும்பும் தோலுமா நிக்கிறா. ஒனக்கு என்னடி கேடு? கல்லு மாதிரிதானே இருக்க?" என்றாள் அம்மா.

கல்லு மாதிரி இருப்பதற்கு இதுதான் கிடைக்கும் என்று அன்று புரிந்துகொண்டேன். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு டின்னைத் திறந்தேன். முதல் நாள் விரலால் தொட்டு நக்கினேன். மூன்றாம் நாள் கரண்டியால் அள்ளினேன். பத்து நாளில் டின் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்பா அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். "நோயாளிப் புள்ள வாயில போறதத் திருடித் தின்னியே" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். தங்கச்சி பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் நான் முறைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் கரும்பலகையில் ஒரு சூரியன் வரைந்தார். அதிலிருந்து இலைக்கு ஒரு அம்பு. இலையிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து மனுஷனுக்கு. இலை மட்டும் தனக்கு வேண்டிய சாப்பாட்டை வெயிலில் தானே செய்துகொள்கிறது, மற்ற எல்லா உயிரும் இன்னொன்றைத் தின்றுதான் பலம் எடுக்கிறது என்றார். வகுப்பு முடியும்வரை நான் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு யாரும் பங்கு வைக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு தங்கச்சியும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு இரண்டு மைல் ஏற்றம். அன்று தங்கச்சி நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்றாள். பாலத்தைத் தாண்டி முதல் வளைவில், தேயிலைச் செடிக்குக் கீழே கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, முடியலக்கா. தண்ணி வேணும்."

"வீட்டுல போயி குடிக்கலாம். எந்திரி."

"காலு வரமாட்டேங்குது."

"ரெண்டு பங்கு திங்கிறேல்ல? அந்த பலமெல்லாம் எங்க போச்சு? நடிக்காத."

அவள் வாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் நடிக்கிறாள், நான் சுமந்துகொண்டு போவேன் என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன் என்று சொல்வது இன்னும் சரி. அவளை அங்கேயே விட்டுவிட்டு ஏறிப்போனேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் அவளுக்கென்று மூடி வைத்திருந்த ரொட்டியை எடுத்தேன். என்னுடையதையும் தின்று, அவளுடையதையும் தின்றேன்.

நாலு மணிக்குப் பிறகு அம்மா கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தாள். "தங்கச்சி எங்கடி?"

"வர்றா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் இறங்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அதே கல்லருகில் அவள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். மலையேறி வந்தவள் போல ஆழமாக, வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்; கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அவள் மூச்சில் ஒரு வாசம் வந்தது. கொய்யாப்பழம் அளவுக்கு மீறிக் கனிந்து கெட்டுப்போகும்போது வருமே, அந்த வாசம். இன்றைக்கும் என் வீட்டில் கொய்யாப்பழம் வாங்குவதில்லை.

தோட்டத்து லொறியில் கலஹா, பேராதனை வழியாகக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் எதுவும் தின்னவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் தின்றேன். பசித்தது. பக்கத்து வீட்டு அத்தை சோறு போட்டாள், நான் தின்றேன், தின்றுவிட்டு அழுதேன்.

நாலாம் நாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தங்கச்சி வெள்ளை விரிப்பு போட்ட கட்டிலில் தனியாகப் படுத்திருந்தாள். நாங்கள் அதுவரை கட்டிலில் படுத்ததே இல்லை. தலைமாட்டில் அவித்த முட்டை, ஒரு கிளாஸ் பால். அவள் பிழைத்துவிட்டாள் என்று நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர் அடங்குமுன்னே, அந்த முட்டையும் என் கண்ணில் பட்டது.

யாழ்ப்பாணத்துக்கார லேடி டொக்டர் ஒருவர் இருந்தார். அம்மாவையும் அப்பாவையும் கட்டிலருகில் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"பிள்ளைக்குச் சாப்பாடு குறையேல்லை அம்மா. சாப்பிடுறது எல்லாம் சீனியாகி ரத்தத்துக்கு வருது. ஆனா அதை உடம்புக்கு உள்ளுக்க எடுத்துக் குடுக்கிற ஒரு நீர் இருக்கு. அது இவவுக்குச் சுரக்கேல்லை. அதால சீனி ரத்தத்திலயே நிண்டு சிறுநீரோட போகுது. உடம்புக்குச் சக்தி வேணும்தானே? அது தன்ர சதையையும் கொழுப்பையும் கரைச்சு எடுக்குது."

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா மெதுவாகக் கேட்டார்.

"வெறகு வாசல்ல குவிஞ்சு கெடக்கு. அடுப்புக்குள்ள போகல. அதனால கூரையப் பிரிச்சுப் போட்டு எரிக்கிது. அப்படீங்களாம்மா?"

டொக்டர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "ஓம். அப்படியேதான்."

வேறு என்னென்ன கொடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டபோது அம்மா குளுக்கோஸ் டின்னைச் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். திட்டவில்லை. "இனிக் குடுக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "நீ திருடித் தின்னதுகூட நல்லதாப் போச்சுடி" என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் தின்றது அவளைக் காப்பாற்ற அல்ல என்பது எனக்குத் தெரியும்.

அதைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா அவளிடம் கேட்டிருந்தாள்: "அக்கா ஒன்ன விட்டுட்டு வந்துட்டாளா?" அதற்குத் தங்கச்சி, "இல்லம்மா, நாந்தான் போகச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு வந்தது எரிச்சல். முட்டையும் கட்டிலும் போதாதென்று நல்ல பிள்ளை என்ற பேரும் அவளுக்கே.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஒரு சின்ன எஃகுப் பெட்டியும் கூடவே வந்தது. அதற்குள், அவளுக்குச் சுரக்காத அந்த நீரைத் தினமும் ஏற்ற ஒரு கண்ணாடி ஊசிக்குழல். ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். மருந்துக் குப்பி குளிரில் இருக்க வேண்டும் என்றார்கள். லயத்தில் ஏது ஐஸ் பெட்டி? தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் வீட்டில்தான் இருந்தது. கிளாக்கர் வீட்டம்மா அதன் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில், குப்பிக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். காலையில் அம்மா பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகுமுன் அவளை அங்கே கூட்டிப்போய் ஊசி போட்டுவிடுவாள். பின்னேரம் கூட்டிப்போவது நான்.

பின்னேர ஊசியைக் கிளாக்கர் வீட்டம்மா போடுவார். போட்ட பிறகு குறித்த நேரத்துக்குள் அவள் சாப்பிட்டாக வேண்டும். அதனால் தங்கச்சியைக் குசினிக்குள் கூப்பிட்டு, கதிரையில் உட்காரவைத்து, பட்டர் பூசிய பாண் இரண்டு துண்டு கொடுப்பார். நான் பின்வாசல் படியில் நிற்பேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. கூட வந்தவள் நன்றாகத்தானே இருக்கிறாள், அவளுக்கென்ன என்று நினைத்திருப்பார். பட்டரின் உப்பு வாசம் படி வரைக்கும் வரும். தங்கச்சி தலையைக் குனிந்து மெல்ல மெல்ல மென்று தின்பாள். கொஞ்ச நாளில் அந்த அம்மா அவளுக்கு இங்கிலீஷ் எழுத்தும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். படியில் நின்று நானும் கேட்டேன். என்னை யாரும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

வீட்டில் இன்னொரு சடங்கு. ஆஸ்பத்திரியில் நீல மருந்து ஒரு போத்தலும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொடுத்திருந்தார்கள். குழாயில் நீல மருந்தை ஊற்றி, தங்கச்சி ஒரு பழைய டின்னில் பிடித்துவைக்கும் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, அடுப்பில் கொதிக்கும் தண்ணீருக்குள் நிறுத்த வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சீனி. மஞ்சள், பிறகு செம்மஞ்சள். செங்கல் நிறம் வந்தால் மோசம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா இந்த நிறங்களை ஒரே நாளில் படித்துக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை நாலு தலைகளும் அடுப்பைச் சுற்றிக் குனிந்திருக்கும். தங்கச்சியின் குழாய் ஒரு தடவைகூட நீலமாக நிற்கவில்லை. செங்கல் வரும் நாளில் அம்மா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

ஒரு பின்னேரம் தங்கச்சி லயத்துக்கு முன்னால் கயிறடித்துக்கொண்டிருந்தாள். அம்மா மலையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் அடுப்பை மூட்டினேன். போத்தலைத் திறந்து, குழாயில் நீல மருந்தை ஊற்றி, என்னுடையதில் எட்டுச் சொட்டை எண்ணி விட்டேன். தண்ணீர் கொதித்தது. செங்கல் வரவேண்டும், சாமி, செங்கல் வரவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே பார்த்தேன். நீலம் அசையவில்லை. இன்னும் இரண்டு விறகை உள்ளே தள்ளினேன். நீலம் நீலமாகவே இருந்தது. குழாயைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்ற குழாயைத்தான் பார்த்தாள். எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நீலம்" என்றாள். "ஐயோ, நீலம்! அடியே, நீலம்டி!"

அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொழுந்துக்கறை பிடித்த விரல்களோடு குழாயை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஓடிப்போய்த் தங்கச்சியைத் தூக்கினாள். பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். "கொணமாயிருச்சு. இனி ஊசி வேணாம். ராத்திரிக்குப் புள்ளைக்குச் சோறு வடிச்சு, தேங்காப்பாலு சீனி போட்டுப் பெசஞ்சு குடுக்கப் போறேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சொன்னால் அடி விழும் என்ற பயம் மட்டும் இல்லை. என் நீலத்துக்குக் கிடைத்த சிரிப்பு அவளுக்குப் போகிறதே என்ற ஆத்திரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள். ஊசி நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

தங்கச்சி குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுத கண்ணைப் பார்த்திருப்பாள்.

"அம்மா, அது என்னுது இல்லம்மா" என்றாள். "நான் இன்னைக்கு டின்னுல ஒன்னுக்குப் போகவே இல்ல."

அம்மாவின் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பினாள். "இது ஒன்னோடதாடி?"

தலையாட்டினேன்.

"எதுக்கு?"

"எனக்கும் வரட்டும்னு."

அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. என்னை முன்பின் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, குழாயைக் கழுவி, தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளாக்கர் வீட்டுப் பக்கம் நடந்தாள். அன்று ஊசிக்கு அவளே கூட்டிப்போனாள். அடுப்படியில் களைந்த அரிசியும் நானும் இருந்தோம். அம்மாவின் அந்தச் சிரிப்பைக் கொடுத்ததும் நான்தான், பிடுங்கியதும் நான்தான். இதற்கெல்லாம் என்ன பேர் என்று யோசிக்கும் வயதில்லை. சோறு வடிக்க அடுப்பில் உலை வைத்தேன்.

தங்கச்சி பிழைத்துக் கிடந்தாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்படி இல்லை, அவள் வாழ்ந்தாள். பத்து வயதிலேயே தன் தொடையில் தானே ஊசி போடப் பழகினாள். கிளாக்கர் வீட்டம்மா ஊட்டிய இங்கிலீஷ் வீண்போகவில்லை. தபால் கந்தோரில் வேலை கிடைத்து ஓய்வு பெறும்வரை இருந்தாள். கல்யாணம் பேச வந்தவர்கள் சீனி வருத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கால் விரல் இரண்டு போய்விட்டது. ஒரு கண் மங்கல். எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு. அவள் உத்தியோகத்துக்குப் போட்டுக்கொண்டு போன தோல் செருப்பைப் பார்த்துக்கூட ஒரு காலத்தில் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

பௌர்ணமிக்கு விடும் போயா லீவுகளில் அவள் என் வீட்டுக்கு வருவாள். போன மாதமும் வந்திருந்தாள். மத்தியானம் ஊசி போட்டுக்கொண்டு, தட்டில் சோற்றை அளந்து வைத்து உட்கார்ந்தாள். என் மகளின் மகள் விளையாட்டிலிருந்து வேர்க்க வேர்க்க ஓடிவந்து, நின்றபடியே இரண்டு கை சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் ஓடினாள். தங்கச்சி அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் இப்படித்தான் தின்ன" என்றாள். "பசிச்சா தின்ன. தின்னுட்டு ஓடிருவ. ஒன்னுமே யோசிக்கவேண்டியதில்ல. நான் அளந்து தின்னுக்கிட்டு ஒன்னையே பாத்துக்கிட்டிருப்பேன்."

நான் தண்ணீர்க் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஒன்னு சொல்லவா? கோவிக்காத. ஒனக்கும் வரணும்னு நான் மாரியம்மன் கோயில்ல வேண்டியிருக்கேன். ஒரு தடவ இல்ல."

இத்தனை வருஷமும் அந்த வீட்டில் பொறாமைக்காரி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

"கூடிருச்சு" என்றாள். அந்தச் சோற்றை வழித்து எடுத்து என் தட்டில் போட்டாள். "நீ தின்னு, நான் பாக்குறேன்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, நான் தின்றேன்.